பத்து சதவீதம் யார் கையிலிருந்து வந்தது? கண்மாய் முதல் குடிநீர்க் குழாய் வரை ‘மக்கள் பங்களிப்பு’

கலுங்கடி (சிவகங்கை மாவட்டம்) எழுதியது:

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நட்ட போர்டு இன்னும் நிற்கிறது. வேலையின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, பணி செய்தவர் ‘ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம்’, கடைசி வரியில் ‘மக்கள் பங்களிப்பு 10%’. ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் பரப்பில், நிலம் வைத்திருக்கும் பலரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். பணமாகவோ உழைப்பாகவோ கொடுத்ததாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. தாங்கள் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்பதே சிலருக்குத் தெரியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏரி, கண்மாய்களைத் தூர் வாரிச் சீர் செய்யும் குடிமராமத்துத் திட்டத்தை 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலம் ஏரியில் தொடங்கினார்கள். முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். 2019-20இல் ஏறத்தாழ 500 கோடி, 1,829 பணிகள். டெண்டர் கிடையாது. சங்கத்துக்கே நேரடியாக வேலை. பதிலுக்கு விவசாயிகள் பத்து சதவீதத்தைப் பணமாகவோ பொருளாகவோ உடலுழைப்பாகவோ தர வேண்டும் என்பது அப்போதைய விதி.

இது கண்மாயோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தர 2019-இல் வந்த மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்திலும் ஊருக்குள் போடும் குழாய், தொட்டிச் செலவில் 10 சதவீதம் ஊர் மக்களுடையது. மலை, வனப்பகுதிகளிலும், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் இருக்கும் ஊர்களிலும் 5 சதவீதம். 1997-இல் ஆரம்பித்து, இடையில் ‘தன்னிறைவுத் திட்டம்’ என்று பெயர் மாறி, மறுபடி பழைய பெயருக்கே வந்திருக்கும் நமக்கு நாமே திட்டத்தில், ஊர்ப் பொது வேலைக்கு மக்கள் போட வேண்டியது மூன்றில் ஒரு பங்கு.

எனக்குப் புரியாதது இதுதான். ஏழை ஊரில் காசு கேட்டால்தான் மக்களுக்கு ‘இது நம்முடையது’ என்ற எண்ணம் வரும் என்கிறார்கள். காசு கேட்டால் இல்லாதவன் ஒதுங்கிப் போவான் என்பதுதானே நடைமுறை? களத்தில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

சாலைக்கரை எழுதியது:

எங்கள் ஊரில் கான்ட்ராக்டர்தான் ‘மக்கள்’. நமக்கு நாமே திட்டத்தில் அவர்தான் பொதுமக்கள் பங்கைக் கட்டினார், அவரே வேலையை எடுத்தார், அவரே திறப்பு விழாவுக்கு மாலை வாங்கினார். கட்டிய பங்கு பில்லில் எப்படித் திரும்பி வந்தது என்று கேட்காதீர்கள். சிமென்ட் கலவையைத் தட்டிப் பார்த்தால் தெரியும்.

---

கோலமாவு எழுதியது:

கலுங்கடி, நான் வட மாவட்டம் ஒன்றில் தமிழக அரசின் ஊரக வறுமை ஒழிப்புத் திட்டமான புது வாழ்வுத் திட்டத்தில் களப்பணியாளராக இருந்தேன். உலக வங்கிக் கடனில் 2005-இல் தொடங்கியது, 2017 வரை நடந்தது. பங்களிப்பு பற்றிய உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதற்கு முன் ஒன்று சொல்லியாக வேண்டும். யார் கொடுப்பது என்று கேட்பதற்கு முன்னால் யார் ஏழை என்று முடிவாக வேண்டும். அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

நாங்கள் அதற்கு ‘மக்கள் நிலை ஆய்வு’ செய்வோம். அதிகாரி எடுத்த வறுமைக் கோட்டுப் பட்டியலைத் தூர வைத்துவிட்டு, தெருவில் கோலமாவால் ஊர்ப் படம் வரைவது. கோயில், பள்ளி, ஊருணி, தெருக்கள், பிறகு வீடு வீடாக. குடிசைக்கு ஒரு நிறப் பொடி, ஓட்டு வீட்டுக்கு ஒரு நிறம். மாற்றுத்திறனாளி இருக்கும் வீடு, கணவன் இல்லாமல் பெண் நடத்தும் வீடு, வெளியூர் செங்கல் சூளைக்குப் போய் ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு என்று விதைகளோ கற்களோ வைத்து அடையாளம். அதன் பிறகு கூடியிருப்பவர்களே ஒவ்வொரு வீட்டையும் மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று பிரிப்பார்கள். அந்தப் பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்பட்டு ஒப்புதல் பெற வேண்டும். அப்போதுதான் அது ‘இலக்கு மக்கள்’ பட்டியல்.

காகிதத்தில் அழகாக இருக்கிறது அல்லவா? தெருவில் எப்படி நடக்கும் தெரியுமா? மாவை முதலில் கையில் எடுப்பது எப்போதும் படித்த இளைஞன் அல்லது வார்டு மெம்பரின் ஆள். அவன் ஊரின் நடுத்தெருவிலிருந்து ஆரம்பிப்பான். காலனிக்கு வரும்போது இடம் போதாது. நான்கு வீடு ஒரே கோட்டில் ஒடுங்கிவிடும். கூட்டத்தை எந்த இடத்தில் போடுகிறோம் என்பதே முடிவைப் பாதி எழுதிவிடும். பிள்ளையார் கோயில் முன்னால் போட்டால் காலனிப் பெண்கள் தூரத்தில் நிற்பார்கள். அதனால் அனுபவப்பட்ட அணிகள் காலனியில் தனியாகப் படம் போடும். பகலில் அல்ல, நடவுக்கும் களைக்கும் போனவர்கள் திரும்பிய பிறகு, விளக்கு வைத்த நேரத்தில். அங்கே எடுத்த பட்டியலையும் ஊரில் எடுத்த பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் சில வீடுகள் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அந்த வித்தியாசத்தைப் பேசித் தீர்ப்பதுதான் எங்கள் உண்மையான வேலை. படம் வரைவது வெறும் சாக்கு என்றே சொல்லலாம்.

இத்தனை செய்தும், பணத்தைக் கையாளும் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்துக்கு ஊராட்சித் தலைவரே தலைவர். உறுப்பினர்களில் பெண்கள் அதிகம், பட்டியல் சாதியினருக்கு இடம் உண்டு, தனியாகச் சமூகத் தணிக்கைக் குழுவும் உண்டு. எல்லாம் இருந்தும் தலைவர் நல்லவராக அமைந்த ஊரில் நன்றாக நடந்தது, அமையாத ஊரில் தணிக்கைக் குழுவின் தீர்மானப் புத்தகமே தலைவர் வீட்டில் இருந்தது.

உங்கள் கேள்விக்கு: ஆமாம், காசு கேட்டால் இல்லாதவர் ஒதுங்குவார். ஆனால் காசு கேட்காத கூட்டத்திலும் அவர் ஒதுங்கித்தான் நிற்கிறார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

---

பழைய ஓவர்சியர் எழுதியது:

குடிநீர்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பங்களிப்பை எல்லோரும் அடிக்கிறீர்கள், அதன் பக்க நியாயத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

சும்மா கிடைத்த மோட்டார் எரிந்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிடிஓ ஆபீஸ் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வயல் கிணற்றுக்குப் போய்விடுவார்கள். கொஞ்சமாவது கொடுத்த ஊரில் டேங்க் ஆபரேட்டரைக் கேள்வி கேட்க நாலு பேர் வருவார்கள். 2002-இல் மத்திய அரசு ஸ்வஜல்தாரா என்ற ஊரகக் குடிநீர்த் திட்டத்தில் 10 சதவீதம் வைத்ததற்கும் இந்தக் கணக்குதான் காரணம். ஊர் உண்மையிலேயே இந்தத் திட்டத்தை விரும்புகிறதா என்று பார்க்க ஒரு சோதனை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அதைத்தான் யாரும் கடைப்பிடிப்பதில்லை. காசு கேட்பதற்கு முன் மதிப்பீட்டை விரித்துக் காட்ட வேண்டும். 2004 வாக்கில் எங்கள் துறையில் ‘கூடம்’ என்று ஒன்று நடத்தினார்கள். மறைமலை நகரில் கூடிப் பொறியாளர்களே ஒரு பிரகடனம் போட்டார்கள். தலைமைப் பொறியாளரும் உதவிப் பொறியாளரும் வட்டமாகச் சரிசமமாக உட்கார்ந்து பேசுவது என்பதே எங்களுக்கு அதிசயம். அடுத்து அதே மாதிரி ஊரில் போய் உட்கார வேண்டும். பேன்ட் போட்டுக்கொண்டு தரையில் சம்மணம் போட்டால் முட்டி வலிக்கும் என்று சிரித்தவர்களும் உண்டு.

உட்கார்ந்த இடங்களில் என்ன நடந்தது என்றால், ‘புதிய போர்வெல் எதற்கு, பழைய கிணற்றைத் தூர் வாரிப் பைப்பை மாற்றினால் போதுமே’ என்று ஊரே சொன்னது. புதிதாகக் கட்டுவதைவிட இருப்பதைச் சீர் செய்வதில் செலவு குறைந்தது. எந்த வாய்க்காலில் எந்த மாதம் ஊற்று இருக்கும் என்று ஆடு மேய்ப்பவருக்குத் தெரிந்தது எங்கள் ஜியாலஜிஸ்ட் ரிப்போர்ட்டில் இல்லை. மதிப்பீட்டைப் பார்க்காமல் பத்து சதவீதம் கொடுப்பது, பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற மாதிரி.

பங்களிப்பு தப்பு இல்லை. கணக்கைக் காட்டாமல் பங்களிப்பு கேட்பதுதான் தப்பு.

---

கீழத்தெரு எழுதியது:

ஓவர்சியர் ஐயா சொல்வது குடிநீருக்குச் சரி. கண்மாய்க்கு வாருங்கள்.

கண்மாய்ச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டுமென்றால் ஆயக்கட்டில் நிலம் இருக்க வேண்டும். 2000-இல் வந்த விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. எங்கள் தெருவில் ஆயக்கட்டு நிலம் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் கண்மாயை நாங்கள் பயன்படுத்தவில்லையா? ஆடு தண்ணீர் குடிப்பது அங்கே, துணி வெளுப்பது அங்கே, தண்ணீர் வற்றும்போது கடைசி மீன் பிடிப்பது அங்கே, கருவேல விறகு அங்கே. தூர் வாரும்போது கருவேலத்தை ஏலம் விட்டார்கள். மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் குத்தகை, வேறு யாருக்கோ போனது. இரண்டிலும் ‘மக்கள் பங்கேற்பு’ என்று எழுதிய கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட விதியிலேயே இடமில்லை.

குடிமராமத்து என்றால் பழைய காலத்தில் ஊரே ஒன்று கூடிச் செய்தது என்று பெருமையாகப் பேசுகிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். மடை திறக்கிறவன், ராத்திரி கரைக் காவல் கிடக்கிறவன், உடைப்பு எடுத்தால் மண்மூட்டையோடு குதிக்கிறவன், எல்லாம் எங்கள் ஆட்கள். கூலி அறுப்புக் களத்தில் அளக்கிற நெல், அதுவும் அளக்கிறவர் மனசுப்படி. யாருக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்று முடிவு செய்கிற கூட்டத்தில் நாங்கள் நின்றுகொண்டிருப்போம். வேலையில் பங்கு உண்டு, பேச்சில் பங்கு இல்லை. அதே ஏற்பாட்டைத்தான் இப்போது போர்டு வைத்துச் செய்கிறார்கள்.

---

வாசகசாலை எழுதியது:

கீழத்தெரு தோழர் சொன்னதற்கு ஆவணத்திலேயே ஆதாரம் இருக்கிறது. ‘வழக்கமான குடிமராமத்து’ என்பது சட்டமானது 1858-இல், சென்னை மாகாணத்துக்காக. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ‘கட்டாய உழைப்பு’ இருக்கிறது. மனமுவந்து செய்ததற்குக் கட்டாயச் சட்டம் எதற்கு? தென் தமிழகக் கண்மாய்களை ஆராய்ந்த மானுடவியலாளர் டேவிட் மோஸ் இதையே விரிவாகக் காட்டியிருக்கிறார். கண்மாய்ப் பராமரிப்பு சமத்துவமான கூட்டுறவாக இருந்ததில்லை, சாதியும் அதிகாரமும் மரியாதையும் சேர்ந்தே அதை நடத்தின என்பது அவர் வாதம்.

‘பங்கேற்பு’ என்கிற கொள்கைக்கே நம் மண்ணோடு ஒரு தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இந்த முறைகளை உலகெங்கும் பரப்பிய ராபர்ட் சேம்பர்ஸ், 1970களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டத்திலும் இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் நெல் சாகுபடிக் கிராமங்களை ஆராய்ந்த குழுவில் இருந்தவர். நீண்ட கேள்விப் பட்டியலோடு போய் வீட்டுக்கு வீடு நிரப்புவது எவ்வளவு வீண் என்ற கசப்பு அவர் பிற்கால எழுத்துகளில் நிறையவே தெரியும். கோலமாவு அக்கா சொன்ன தெருப்பட முறைகள் எண்பதுகளின் கடைசியில் கர்நாடகத்தில் மைராடா, குஜராத்தில் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டம் போன்ற அமைப்புகளோடு சேர்ந்து வளர்ந்தவை. அங்கிருந்து உலகம் சுற்றி, வங்கிக் கடன் ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கையாக நம்மிடமே திரும்பி வந்தன.

வங்கி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உலக வங்கி பத்தாண்டுகளில் இந்த மாதிரித் திட்டங்களுக்குச் சுமார் 8,500 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது. அதில் வேலை பார்த்த கசாலா மன்சூரி, விஜயேந்திர ராவ் இருவரும் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மக்கள் தாங்களாகத் திரண்டு செய்வது வேறு, அரசோ நிதி கொடுப்பவரோ மேலிருந்து தூண்டி உருவாக்கும் பங்கேற்பு வேறு என்று பிரித்தார்கள். இரண்டாவது வகையில் பலன் பெரும்பாலும் படித்தவர், வசதியானவர், தலைவருக்கு நெருக்கமானவர் பக்கமே சாய்கிறது என்பது அவர்கள் கண்டது. மேலே இருக்கும் அரசு இயந்திரம் கண்காணித்துப் பதில் சொல்லும் இடத்தில்தான் கீழே இருப்பது உருப்படுகிறது என்றும் சொன்னார்கள். வங்கிக்குள்ளேயே உட்கார்ந்து இதை எழுதியதற்கு அவர்களைப் பாராட்டலாம். கடன் ஒப்பந்தங்களின் மொழி மட்டும் அதிகம் மாறியதாகத் தெரியவில்லை.

இன்னொன்று, தமிழ்நாட்டுக் கிராம சபைப் பேச்சுகளை அப்படியே எழுத்தாக்கி ஆராய்ந்த கட்டுரை 2019-இல் வந்தது. பெண்கள் பேசுவது குறைவு, அவர்கள் எழுப்பிய விஷயம் அடுத்துப் பேசப்படும் விஷயமாவது குறைவு, அதிகாரியிடமிருந்து பொருத்தமான பதில் கிடைப்பதும் குறைவு. ஊராட்சித் தலைவர் பெண்ணாக இருக்கும் இடத்தில் பெண்களுக்குப் பதில் கிடைப்பது கூடுகிறது. இட ஒதுக்கீட்டைக் கிண்டல் செய்பவர்கள் படிக்க வேண்டிய கட்டுரை.

---

கோலமாவு எழுதியது:

கிராம சபை என்றதும் கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு, ஞாபகம் வருகிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கு. 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறு ஆக்கினார்கள். எண்ணிக்கையை நிரப்புவது யார்? நூறு நாள் வேலைக்காரர்கள். ‘வராவிட்டால் அடுத்த வாரம் வேலை இல்லை’ என்ற பேச்சு காதில் விழுந்தால் வந்துதானே ஆக வேண்டும். வெயிலில் உட்கார்ந்து, தீர்மானப் புத்தகத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போவார்கள். ஏழைகள் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கூட்டமே அவர்கள்தான்.

இவர்கள் கூட்டத்துக்குக் கொடுக்கும் அரை நாள் எந்தப் பங்களிப்புக் கணக்கிலும் வராது.

---

வன்னிமகள் (கிளிநொச்சி) எழுதியது:

நான் இலங்கையில் இருந்து எழுதுகிறேன். உங்கட பத்து சதவீதம் எழுதி வைத்த பங்களிப்பு. எங்களிடம் எழுதாத பங்களிப்பு ஒன்று நடந்தது.

போருக்குப் பிறகு இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டம் வந்தது. முதல் ஆயிரம் வீடுகளைக் கொம்பனிகளைக் கொண்டு கட்டிக் கொடுத்தார்கள். 2012 அக்டோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாறியது. பயனாளிக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் வரும், வீட்டை அவரே கட்டுவிக்க வேண்டும். அத்திவாரம் முடித்துக் காட்டினால் அடுத்த தொகை, சுவர் எழுப்பினால் அதற்கடுத்தது. மேசனைத் தெரிவு செய்வது, வாசல் எந்தப் பக்கம், குசினி (சமையலறை) எங்கே என்று எல்லாம் வீட்டுக்காரர் முடிவு. இதைப் பெரிய மாற்றம் என்று எல்லோரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டுகிறேன். கொம்பனி கட்டிய வீட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மக்கள் தாங்களே கட்டியது மக்களுக்குப் பொருந்தி இருக்கிறது. குசினியைப் பின்பக்கம் தள்ளிப் போட்டது, விறாந்தையைக் கூட்டியது, எல்லாம் வாழத் தெரிந்தவர்கள் செய்த வேலை.

ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடு எழும்பினால் மணல் விலையும் மேசன் கூலியும் என்னவாகும்? தொகை அதே ஐந்தரை இலட்சம். குறையை யார் போட்டது? தோட்டை அடகு வைத்தார்கள், நுண்கடன் எடுத்தார்கள், வெளிநாட்டுச் சொந்தங்களிடம் கேட்டார்கள். வெளிநாட்டில் யாரும் இல்லாத வீடுதான் கடனில் விழுந்தது. குழி வெட்ட, கல் சுமக்க ஆண் துணை உள்ள வீட்டுக்கு உழைப்பு ‘பங்களிப்பு’. கணவனை இழந்த அக்காமாருக்கு அதே உழைப்பு கூலிச் செலவு. இரண்டு வீட்டுக்கும் ஒரே தொகை.

ஆகவே கீழத்தெரு அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். உழைப்பாகக் கொடுக்கலாம் என்று சொல்வது இரக்கம் மாதிரித் தெரியும். உழைக்க ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் அது இரக்கம்.

---

பழைய ஓவர்சியர் எழுதியது:

வன்னிமகள், இது நான் யோசிக்காத கோணம். ஜல் ஜீவனில் 5 சதவீதச் சலுகையும் இப்படித்தான் ஊரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள், வீட்டைப் பார்த்து அல்ல. பட்டியல் சாதியினர் 55 சதவீதம் இருக்கும் ஊரில் எல்லோருக்கும் 5. முப்பது சதவீதம் இருக்கும் ஊரில் அந்தக் காலனிக்கும் 10. வசதியான தெருவுக்கும் காலனிக்கும் ஒரே விகிதம்.

இதை ஊருக்குள்ளேயே சரி செய்ய வழி உண்டு. மொத்தத்தில் பத்து வர வேண்டும் என்பதுதான் விதி, வீட்டுக்கு வீடு சமமாக வாங்க வேண்டும் என்று இல்லை. மாடி வீட்டுக்கு ஒரு தொகை, தொகுப்பு வீட்டுக்கு ஒரு தொகை, தனியாக வாழும் முதியவருக்கு ஒன்றுமில்லை என்று கிராமக் குடிநீர், சுகாதாரக் குழு முடிவு செய்யலாம். அந்தக் குழுவில் பாதிப் பேர் பெண்கள், கால் பங்கு நலிந்த பிரிவினர் என்று விதி இருக்கிறது. குழு கூடினால்தானே முடிவு எடுக்க?

---

பாலக்காட்டுத் தமிழன் எழுதியது:

கேரளத்தில் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது செய்த ஒரு காரியத்தை இங்கே யாரும் சொல்லவில்லை. திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று முதலில் அறிவித்துவிட்டார்கள், பிறகுதான் கிராம சபையைக் கூட்டினார்கள். பணம் உண்டு என்று தெரிந்ததால் ஆட்கள் வந்தார்கள், சண்டை போட்டார்கள், குறிப்பு எழுதினார்கள். பணம் இல்லாமல் கருத்துக் கேட்கிற கூட்டத்துக்கு யார் வருவார்?

அங்கேயும் ஓட்டை உண்டு. கான்ட்ராக்டரைத் தவிர்க்கப் பயனாளிக் குழு அமைத்தார்கள். பல இடங்களில் குழுவின் பெயரில் பினாமி கான்ட்ராக்டரே வேலை பார்த்தார். சாலைக்கரை சொன்ன கதையேதான், மலையாளத்தில்.

---

சாலைக்கரை எழுதியது:

கான்ட்ராக்டருக்கு மொழி வெறி கிடையாது.

---

கல்முனைக்காரன் எழுதியது:

எல்லோரும் கெட்டுப்போன கதையே சொல்கிறீர்கள். எங்கட பக்கம், கிழக்கு இலங்கையில், நடந்த ஒன்று சொல்கிறேன், 1981-இல் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரை.

அதன் நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தில் தண்ணீர் மிகக் குறைவாக இருந்த சிறுபோகச் சாகுபடிக் காலம். வாய்க்கால் எல்லாம் தூர்ந்து, மதகுகள் உடைந்து, மேல்மடைக்காரருக்கு மிதமிஞ்சிப் போய்க் கடைமடைக்கு வராத நிலை. மேல்மடையில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழர்கள். காலம் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து படித்த இளம் பிள்ளைகளை அமைப்பாளர்களாக அனுப்பினார்கள். அவர்கள் போனதும் சங்கம் பதியவில்லை, தலைவர் தெரிவு நடத்தவில்லை, காசு கேட்கவில்லை. ஒரு வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேரை மட்டும் கூட்டி, முதலில் என்ன வேலை செய்யலாம் என்று கேட்டார்கள். அவர்கள் தாங்களாகவே வாய்க்காலைத் துப்புரவு செய்தார்கள், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள், மிச்சம் பிடித்ததைக் கடைமடைக்கு விட்டார்கள். முறையான அமைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

இது ஏன் நடந்தது என்றால், என் கருத்து, குழு சின்னது. யார் மண்வெட்டியோடு வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது, பலன் அந்தப் போகத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாவது, பொறியியலாளர்களும் கூட்டத்துக்கு வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது.

குறை இல்லாமல் இல்லை. அமைப்பாளர்களுக்கு நிரந்தர வேலை கிடையாது. ஆசிரியர் நியமனம் கிடைத்ததும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். திரும்பத் திரும்பப் புதுப் பிள்ளைகளைப் பழக்க வேண்டி வந்தது. மக்கள் பங்கேற்பு மலிவானது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஊரோடு தங்கி இருக்கிற ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

---

கோலமாவு எழுதியது:

கடைசி வரிக்கு நூறு லைக். நாங்களும் ஒப்பந்தப் பணியாளர்கள்தான். திட்டம் முடிந்த அன்று ஊர்ப் படங்கள் ஒன்றிய அலுவலக பீரோவுக்குப் போயின, நாங்கள் வீட்டுக்குப் போனோம்.

---

கலுங்கடி எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கீழத்தெரு, உங்கள் கருத்தில் ஒன்றில் மட்டும் எனக்கு மாறுபாடு. நிலம் இல்லாதவர்களையும் சங்கத்தில் சேர்த்தால் தண்ணீர் முறை வைப்பதில் குழப்பம் வராதா? பாசனம் வேறு, மீன், விறகு வேறு இல்லையா?

---

கீழத்தெரு எழுதியது:

தண்ணீர் முறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. தூர் வாரும்போது எவ்வளவு ஆழம், மண் எங்கே போகிறது, கருவேலம் யாருக்கு, மீன்பாசி யாருக்கு, எந்த இடத்தில் படித்துறை, இது எல்லாம் பாசனமா? ஆழமாக ஒரே இடத்தில் தோண்டி மண்ணை டிப்பரில் ஏற்றிவிட்டார்கள். இப்போது அந்தக் குழியில் ஆடு இறங்க முடியாது. இதைக் கேட்க ஆயக்கட்டு பட்டா வேண்டுமா?

---

கலுங்கடி எழுதியது:

அது நியாயம். சரி, அடுத்த கிராம சபையில் கேட்கலாம் என்று இருக்கிறேன். ஓவர்சியர் ஐயா, என்னென்ன கேட்க வேண்டும்?

---

பழைய ஓவர்சியர் எழுதியது:

வாயால் கேட்காதீர்கள், முன்கூட்டியே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு நகல் வாங்கிக்கொண்டு போங்கள். மதிப்பீட்டின் நகல், எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், சங்கத்தின் வங்கிக் கணக்கு வரவு செலவு, சங்க உறுப்பினர் பட்டியல், தீர்மான நகல். பத்து சதவீதம் பணமாக வந்திருந்தால் வங்கியில் தெரியும். உழைப்பாக வந்ததாக எழுதியிருந்தால் யார், எந்தத் தேதி, எத்தனை பேர் என்ற பதிவைக் கேளுங்கள். அந்தப் பெயர்களைக் கிராம சபையில் சத்தமாக வாசித்தால் போதும், மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.

மண் அளவுக்கு ஒரு வழி சொல்கிறேன். வெட்டும்போது நடுநடுவே வெட்டாத திட்டுகளை விட்டுவைக்க வேண்டும். அதன் உயரத்தை வைத்துத்தான் ஆழம் அளப்பார்கள். அளவு எடுக்கும் முன்பே திட்டை வழித்துவிட்டார்கள் என்றால் எம்-புக்கில் எழுதியது கற்பனை. உங்கள் ஊரில் அப்போது ஜேசிபி ஓடியதைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள், யாராவது போன் போட்டோ வைத்திருப்பார்கள்.

---

கீழத்தெரு எழுதியது:

போட்டோ எங்கள் தெருப் பையன்களிடம் இருக்கிறது. மனுவில் எங்கள் ஆட்கள் பெயரையும் சேருங்கள் அண்ணே. சங்கத்தில் இடம் இல்லாவிட்டாலும் கிராம சபையில் இடம் உண்டு.

---

கலுங்கடி எழுதியது:

சேர்க்கிறேன். வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே போடுகிறேன், ஓவர்சியர் ஐயா ஒரு முறை பார்த்துச் சொல்லவும். சங்க உறுப்பினர் பட்டியலை மட்டும் தனி மனுவாகப் போட வேண்டுமா, எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாமா?

---

பழைய ஓவர்சியர் எழுதியது:

தனித்தனியாகப் போடுங்கள். ஒன்றைத் தட்டிக் கழித்தாலும் மற்றது வரும்.